நான்காவது போல்ட்

வீட்டைப் பூட்டியதும் பூட்டை இழுத்துப் பார்க்காமல் நான் படியிறங்கியதே இல்லை. ஒரு முறை இழுத்தால் போதாது, மூன்று முறை. மூன்றாவது முறை கிட்டத்தட்டப் பூட்டைப் பிடித்துத் தொங்குவேன். "உங்கம்மா தொங்குற தொங்கல்ல ஒரு நாள் பூட்டு கையோட வந்துடும் பாரு" என்று என் கணவர் மகளிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்துக்கொள்ளட்டும். கேஸ் அடுப்பை மூடிவிட்டு வந்தவர் அவர் என்றால், தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து பார்த்துவிட்டுத்தான் போவேன். தையல்காரர் கொடுத்த ரவிக்கையில் கொக்கி எத்தனை என்று கடையிலேயே எண்ணுவேன்.

தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். விடைத்தாளில் மதிப்பெண்களை மேலிருந்து கீழே கூட்டுவேன், பிறகு கீழிருந்து மேலே கூட்டுவேன். பக்கத்து மேஜை டீச்சர் திருத்திய கட்டையும் யாரும் கேட்காமலே எடுத்துக் கூட்டிப் பார்த்து, எங்காவது அரை மதிப்பெண் விட்டுப்போயிருந்தால் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொல்வேன். ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலியாக இருப்பதற்கு அதுதான் காரணம். எனக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததில்லை. அடுத்தவர் செய்த வேலையை நம்பாமலிருப்பதற்குப் பெயர் பொறுப்பு என்று ஐம்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்குச் சிறுசேரியில் வேலை. இரண்டு வருடமாகக் கம்பெனி வண்டியில் போய்வந்துகொண்டிருந்தாள். அவளுடைய குழு மாறியதும் எங்கள் பக்கம் வருகிற வண்டி நின்றுபோனது. "நம்ம காரையே எடுத்துட்டுப் போறேம்மா" என்றாள். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலையைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் நான்கு நாள் சோறு இறங்காமல் இருந்தேன் என்று புரியும். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகளும், அவற்றுக்கு நடுவில் புகுந்து போகிற தண்ணீர் லாரிகளும், இரண்டுக்கும் பயப்படாத பைக்குகளும் போகிற சாலை அது. எங்கள் காருக்குப் பன்னிரண்டு வயது. டயர்கள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. முதலில் முடியாது என்றேன், அப்புறம் யோசிக்கலாம் என்றேன், கடைசியில் புது டயர் போட்டபிறகுதான் வண்டியைத் தொடலாம் என்றேன். அவள் சரி என்றாள். எனக்குச் சொல்ல வேறு சாக்கு இருக்கவில்லை.

முடிச்சூர் சாலையில் ஒரு டயர் கடை. அதன் முதலாளியின் பையன் பல வருடங்களுக்கு முன்பு என்னிடம் கணக்குப் படித்தவன், இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். அதனால் முதலாளிக்கு நான் எப்போதும் டீச்சரம்மா. சனிக்கிழமை காலை நானும் மகளும் போனபோது அவர் எழுந்து நின்று, தன்னிடமிருந்த நல்ல ஃபிட்டரையே எங்கள் வண்டிக்கு அனுப்பினார்.

அந்த ஃபிட்டருக்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். ஒல்லி. அதிகம் பேசாத ஆள். டயர்களை மாற்றி, காற்றழுத்தத்தில் ஓடுகிற, துப்பாக்கி மாதிரியான கன்னை வைத்து போல்ட்டுகளைத் திருகினார். எங்கள் கார் வகையில் நட்டு கிடையாது, போல்ட்டே நேராகச் சக்கரத்தின் வழியாக உள்ளே திருகி இறங்கும், ஒரு சக்கரத்துக்கு நான்கு. கன்னால் பாதி இறுக்கிவிட்டு, அதைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நீளமான ஸ்பேனரைத் துணியிலிருந்து பிரித்து எடுத்தார். அதைப் போட்டு மெதுவாக இழுத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. உடனே கையை எடுத்துவிட்டு எதிர்ப்பக்கத்து போல்ட்டுக்குப் போனார். ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் வரப்போகிற நேரத்தில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். பக்கத்தில் நின்று ஏதோ கேட்ட மகளிடம்கூட, சத்தம் வந்த பிறகுதான் பதில் சொன்னார்.

"அது என்னண்ணா, டிக்குன்னு?" என்று நான் கேட்டேன்.

"போதும்னு சொல்லுதுக்கா. அந்த சவுண்டு வந்துச்சா, அத்தோட வுட்டுடணும். மேல ஒரு இழுப்பு இழுத்தா போல்ட்டுக்குத்தான் கேடு. பாக்க ஒண்ணும் தெரியாது, உள்ள நைஞ்சு பூடும்."

பதினாறு போல்ட்டுகளும் முடிந்த பிறகு, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு மஞ்சள் சாக்பீஸை எடுத்து, ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து சக்கரத்தின் தகடு வரைக்கும் ஒரு சின்னக் கோடு போட்டார். சாக்பீஸைப் பார்த்ததும் அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது.

"இந்தக் கோடு நேரா இருந்தா போல்ட்டு வச்ச எடத்துலயே கீதுன்னு அர்த்தம். ஒடஞ்சிருந்தா நவுந்துட்டு கீது. அடுத்த சனிக்கெழம ஒரு வாட்டி இட்டாங்க, நான் பாத்துத் தரேன். நடுவுல நீங்க ஒண்ணும் தொட வாணாம்க்கா" என்றார். அதன் மேல் சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடியைத் தட்டிப் பொருத்தினார். டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவ்வளவுதான் அவருடைய வேலை. இப்போது நினைத்துப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை, அதுதான் எனக்குக் குறையாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புது டயருக்குத் திருநீர்மலையில் பூஜை போட்டுவிட்டு வருவதாக முடிவு. "டயருக்கெல்லாமா பூஜை? அடுத்து வைப்பருக்கு ஹோமமா?" என்று கேட்டுவிட்டு என் கணவர் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மகள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் வண்டியைக் கழுவுவதற்காக வாளியோடு வாசலுக்கு வந்தேன்.

கழுவுவதற்காகத்தான் வந்தேன் என்று சத்தியம் செய்யத் தயார். ஆனால் நாளைக் காலை இந்த நேரத்துக்கு அவள் அந்தச் சாலையில் டிப்பர்களுக்கு நடுவில் இருப்பாள் என்று தோன்றியதும் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். யாரென்றே தெரியாத ஒரு மனிதர், ஒரு சின்னச் சத்தத்தை நம்பிக் கையை எடுத்துவிட்டார். நான் பெற்ற பிள்ளை அதை நம்பிப் போகப்போகிறாள். பூட்டை இழுத்துப் பார்க்காமல் எப்படி இருப்பது? டிக்கியைத் திறந்து வீல் ஸ்பேனரை எடுத்தேன்.

மூடியைக் கழற்றி முதல் போல்ட்டில் மாட்டிக் கையால் அழுத்தினேன். அசையவில்லை. நல்லது என்று விட்டிருக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரின் மேல் காலை வைத்து ஏறி நின்றேன். என் எடை என்ன என்று இங்கே சொல்லப்போவதில்லை, தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஸ்பேனர் கொஞ்சம் இறங்கியது. மஞ்சள் கோடு இரண்டு துண்டாகப் பிரிந்து நின்றது. 'பார், எவ்வளவு இடம் மிச்சம் வைத்திருக்கிறான்!' என்றுதான் நினைத்தேன். நான் மிதித்ததால் நகர்ந்தது என்று ஒரு கணக்கு டீச்சருக்குத் தோன்றவில்லை.

பதினாறையும் மிதித்தேன். எல்லாம் ஓரளவு இறங்கி, அதற்கு மேல் அசையமாட்டேன் என்று முறைத்துக்கொண்டு நின்றுவிட்டன. முன்பக்கம் இடது சக்கரத்தில் நான்காவது போல்ட் மட்டும் வேறுமாதிரி இருந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், காலுக்கடியில் மெதுவாக, வழுக்கிக்கொண்டு போகிறமாதிரி, இன்னும் கொஞ்சம் சுற்றியது. ஒரு சின்ன கிறீச் சத்தம் வந்தது. இதைத்தான் அவர் தளர்வாக விட்டிருக்கிறார், நல்லவேளை பார்த்தேன் என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. பிறகு ஈரத்துணியால் நான்கு சக்கரங்களையும் துடைத்தேன். பூஜைக்குப் போகிற வண்டியில் அழுக்கு இருக்கக் கூடாதல்லவா? கரும்பலகையைத் துடைக்கிறமாதிரி ஒரே இழுப்பில் மஞ்சள் கோடுகள் எல்லாம் போயின. மூடியைப் பொருத்தி, மேலே மஞ்சளும் குங்குமமும் வைத்தேன்.

திருநீர்மலை அடிவாரத்தில் பட்டர் மாலை போட்டு, தீபம் காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். மகள் மெதுவாக வண்டியை நகர்த்த, பழங்கள் நசுங்கின. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரங்கநாதா, இவளைப் பத்திரமாகக் கொண்டு போய்க் கொண்டு வா என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

திரும்பி வருகிற வழியில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, முன்னாலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. குழந்தையின் கிலுகிலுப்பையில் கல்லைப் போட்டு ஆட்டுகிறமாதிரி இருந்தது. வேகம் கூடினால் சத்தமும் கூடியது. மகள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். சத்தம் வந்த சக்கரத்தின் மூடியைக் கழற்றினாள். குங்குமம் தோய்ந்த மூடியோடு சேர்ந்து ஒரு இரும்புத் துண்டு அவள் காலடியில் விழுந்தது. போல்ட்டின் தலை. சக்கரத்தில் மூன்று போல்ட்டுகள் இருந்தன. நான்காவதின் இடத்தில் ஒரு குழிதான் இருந்தது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இதைச் சொல்லாமல் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை. காலுக்கடியில் வழுக்கிக்கொண்டு போன அந்த அசைவு பாதத்தில் திரும்ப வந்தது. ஆனால் மகள் அந்தத் துண்டை எடுத்து என் கையில் கொடுத்து, "அம்மா, நாளைக்கு அந்த ரோட்ல எண்பதுல போகும்போது இது நடந்திருந்தா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலாக என்னைக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. வண்டியை ஊர்ந்துகொண்டே முடிச்சூர் சாலைக்குக் கொண்டுவர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கோபத்தை நன்றாக மூட்டிக்கொண்டேன். கோபம் வந்ததும் பயம் அடங்கியது. கடை வாசலில் இறங்கும்போது, தப்புச் செய்தது அந்த ஃபிட்டர்தான் என்று எனக்கே முக்கால்வாசி நம்பிக்கை வந்திருந்தது.

சனிக்கிழமை 'அண்ணா' என்று கூப்பிட்ட மனிதரை ஞாயிற்றுக்கிழமை 'நீ' என்றேன். கடையில் ஏழெட்டு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரை எட்டுகிற குரல் எனக்கு. "என்ன வேலை செஞ்சு வச்சிருக்கே நீ? பாரு, ஒரு நாள்கூடத் தாங்கலை. நாளைக்கு என் பொண்ணு ரோட்ல செத்துக் கிடந்திருப்பா. உன்னால செத்துக் கிடந்திருப்பா!" என்றேன்.

ஃபிட்டர் என் கையிலிருந்த போல்ட் தலையை வாங்கி, உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து மற்ற போல்ட்டுகளைப் பார்த்தார். விரலால் தடவினார். கோடு இருக்கிறதா என்று தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. பிறகு நிமிர்ந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "அக்கா, கோச்சுக்காதீங்க. நீங்க ஏதாச்சும் டைட் பண்ணீங்களா?"

"நான் எதுக்குத் தொடப்போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன்.

முதலாளி அதற்குள் வந்துவிட்டார். "டீச்சரம்மா தொடலைன்னு சொல்றாங்க இல்ல? அவங்க பொய் சொல்வாங்களா? அப்புறம் இன்னா கேள்வி கேட்டுனு நிக்கிற?" என்று அவரிடம் கத்தினார். "இத முடிச்சுட்டு நீ அந்தாண்ட போ. இனிமே வீல் பக்கம் வராத. பங்க்சர் ஒட்டு, அது போதும் உனுக்கு."

ஃபிட்டர் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே சிக்கியிருந்த மிச்சத் துண்டை ஒரு உளியின் முனையை ஓரத்தில் வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுற்றினார். அது பெரிய பாடாக இருக்கும் என்று நினைத்தேன். தலை போனதும் இறுக்கமும் போய்விடுமோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் விரலாலேயே சுற்றி வெளியே எடுத்துவிட்டார். முதலாளி சொன்னபடி பதினாறு போல்ட்டுகளையும் புதிதாக மாற்றினார். டிக், டிக் என்று சத்தம் வந்தது. இந்த முறையும் ஒவ்வொன்றிலும் சாக்பீஸ் கோடு போட்டார். உடைந்த தலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கடையின் மூலையில் தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

அந்த வாரம் மகள் தினமும் சிறுசேரிக்குப் போய் வந்தாள். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆனது. வீட்டைப் பூட்டுகிற ஒவ்வொரு முறையும், பூட்டை இழுக்கிற ஒவ்வொரு இழுப்பிலும், சக்கரத்தின் முன்னால் விரலால் தடவிக் கோட்டைத் தேடிய அந்தக் கை நினைவுக்கு வந்தது. அவர் கேட்ட கேள்வியில் ஒரு குற்றச்சாட்டும் இருக்கவில்லை. மருத்துவர் 'என்ன சாப்பிட்டீங்க?' என்று கேட்கிறமாதிரிதான் கேட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் புது போல்ட்டு போட்டு அனுப்பியிருப்பார், அவ்வளவுதான். எனக்கு நானே பல சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவரும் எங்காவது தப்புச் செய்திருக்கலாம். முதலாளி நாலு நாளில் மறந்துவிடுவார். பங்க்சர் ஒட்டுவதும் வேலைதானே. எதுவும் ஒட்டவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மகள் வேலையிலிருந்து வந்து, காபி தம்ளரோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த டயர் கடையைப் பத்தி மேப்ல ஒரு ரிவ்யூ எழுதியிருக்கேன். போடறதுக்கு முன்னாடி தப்பு இருக்கான்னு பாரும்மா" என்று போனை நீட்டினாள். தப்புக் கண்டுபிடிப்பதில் என்னை விட்டால் யார்? வாங்கிப் படித்தேன். ஒல்லியான, நாற்பது வயதுள்ள ஃபிட்டர் என்று அவரை அடையாளம் சொல்லி, அவரிடம் யாரும் வண்டியை விடாதீர்கள், உயிர் போய்விடும் என்று எழுதியிருந்தாள். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

"போட்டுடட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்" என்றேன்.

"ஏம்மா? நாலு பேருக்குத் தெரியணும் இல்ல?"

"போல்ட்டை உடைச்சது நான்" என்றேன். ஸ்பேனர் மேல் ஏறி நின்றதையும், கோடு பிரிந்ததையும், துடைத்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எவ்வளவு சுருக்கமான விஷயம் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன்.

"அவர் உன்னைக் கேட்டாரேம்மா. எவ்ளோ பொறுமையாக் கேட்டாரு. நான் பக்கத்துலதானே நின்னுட்டிருந்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போனில் எழுதியிருந்ததை அழித்துவிட்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் கடைக்குப் போனோம். போன வாரம் ஃபிட்டர் வரச் சொன்னதும் அந்தச் சனிக்கிழமைதான். அவர் மூலையில் ஒரு டியூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். நான் முதலாளியிடம் போனேன். அன்றைக்கு இருந்த அளவு கூட்டம் இல்லை, ஆனாலும் நான்கு பேர் இருந்தார்கள். அன்றைக்குக் கத்திய அதே குரலில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். வந்தது பாதிக் குரல்தான்.

"போன வாரம் நான் பொய் சொன்னேன். உங்க ஆளு சரியாத்தான் போட்டிருந்தாரு. நான்தான் ஸ்பேனர்மேல ஏறி நின்னு உடைச்சுட்டேன்."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "அட விடுங்க டீச்சரம்மா! இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? தப்பு யாருக்கும் வர்றதுதானே. பொண்ணு மேல பாசம், பெத்தவங்களுக்கு இருக்காதா?" என்றார். நாற்காலியைத் துடைத்துப் போடச் சொன்னார். காபி வாங்கிவரச் சொன்னார். அதே போல்ட், அதே தப்பு. ஃபிட்டர் செய்ததாக நினைத்தபோது அவருக்குக் கிடைத்தது மூலை. நான்தான் செய்தேன் என்று தெரிந்தபோது எனக்குக் கிடைத்தது காபி. அந்தக் காபியை என்னால் குடிக்க முடியவில்லை.

"யோவ், இங்க வா. உன் மேல தப்பு இல்லியாம்" என்று முதலாளி மூலையைப் பார்த்துக் கூப்பிட்டார். "வீல் வேலைய நீயே பாரு. போனது போவட்டும். டீச்சரம்மா வண்டிய செக் பண்ணிக் குடு."

ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நெஜமாவாக்கா?" என்று என்னிடம் கேட்டார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நிஜமாத்தாண்ணா. நீங்க கேட்டப்ப சொல்லியிருக்கணும். என்னை மன்னிச்சுடுங்க."

அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டு அந்த போல்ட் தலையை எடுத்தார். ஆறு நாளும் அது அவர் பையிலேயே இருந்திருக்கிறது. தேய்த்துத் தேய்த்து விளிம்பு பளபளவென்று ஆகியிருந்தது. "நான்தான்னு நெனச்சுட்டேன்க்கா" என்றார். "நீங்க டீச்சரு, தொடலன்னு சொல்லிட்டீங்க. அப்போ நான்தானே? கன்னு ஜாஸ்தி புடிச்சிட்டனா, இந்தப் போல்ட்டுக்கு மட்டும் சவுண்டு கேக்காமயே வுட்டுட்டனான்னு ரோசன பண்ணிப் பண்ணி மண்ட காஞ்சு பூட்ச்சு. பாப்பா மூஞ்சிய நெனச்சா சோறு எறங்கல. இன்னா பண்ண இருந்தோம் பாருன்னு."

என் மகள் "சாரிண்ணா" என்றாள். நான் அவரிடமிருந்து ஒரு வாரத்துக்கு வேலையைத்தான் பிடுங்கினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது, ஒரு நிமிடத்தில் முதலாளி கொடுத்துவிட்டார்.

ஃபிட்டர் துணியைப் பிரித்து நீள ஸ்பேனரை எடுத்தார். மூடிகளைக் கழற்றினார். மஞ்சள் கோடுகள் பதினாறும் உடையாமல் நேராக இருந்தன. அதைப் பார்த்தாலே தெரியும், ஒன்றும் நகரவில்லை என்று. ஆனாலும் ஒவ்வொரு போல்ட்டிலும் ஸ்பேனரை வைத்தார். டிக், டிக். முன்பக்கம் இடது சக்கரத்துக்குக் கடைசியாக வந்தார். மூன்று போல்ட்டுகளில் சத்தம் கேட்டது. நான்காவதில் வைத்தார். டிக். எழுந்து இரண்டடி நடந்தார். நின்றார். திரும்ப வந்து உட்கார்ந்து அதே போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். டிக். மூடியைக் கையில் எடுத்தவர், பொருத்தாமல் கீழே வைத்துவிட்டு, மூன்றாவது முறை வைத்தார். டிக்.

அந்த மூன்றாவது இழுப்பை எனக்குத் தெரியும். தினமும் என் வீட்டு வாசலில் நான் இழுக்கிற இழுப்பு அது. போன சனிக்கிழமை வரை அவரிடம் அது இல்லை. ஒரு முறை தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, சந்தோஷமாகக் கையை எடுத்தவர் அவர்.

"போதும்ண்ணா. சத்தம் கேட்டா போதும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

"கேட்டுச்சாக்கா? உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, அந்த நான்காவது போல்ட்டில் இன்னொரு முறை ஸ்பேனரை வைத்தார்.